ஒலிக்குக் கவ்வாத்து

ஊவா மலைத் தோட்டங்களில் வாழும் நேயர்களுக்குக் கவ்வாத்து என்ற சொல்லை விளக்க வேண்டுவதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடிகளின் தலையெல்லாம் ஒரே மட்டமாக வெட்டப்படுகின்றன. வெட்டிய மலையைப் புதிதாகக் காண்பவன், செடிகள் பட்டுப்போயின என்றே எண்ணுவான். சில கிழமைகள் கழிந்தபின் பார்த்தால், வெட்டிய மட்டத்துக்குக் கீழிருந்து துளிர்கள் கிளைத்தெழுந்திருக்கும். ஒரு கொம்பு நின்ற இடத்தில் பல கொம்புகள் நிற்கும்.

ஒலிக்கும் இவ்வாறு கவ்வாத்துச் செய்யலாம் என்று சொன்னால் வியப்பாக இருக்கும். ஆயினும் உண்மை அதுவே. மின் கிற்றாரிலிருந்து எழும் அந்தக் கரகரத்த, உறுமுகின்ற, நீண்டு நிற்கும் ஒலியைக் கேளாதவர் இன்று அரியர். கைத்தொலைபேசி வந்தபின், பசறையிலும் லுணுகலையிலும் நமுனுகுலைச் சரிவிலும் உள்ள இளைஞர்கள் அவ்வொலியை நாள்தோறும் கேட்கின்றனர். கிற்றாரின் இயல்பான ஒலி அதுவன்று. வாசிப்பவரின் காலடியில் கிடக்கும் சிறு இரும்புப் பெட்டியொன்றே அதனை உண்டாக்குகிறது. கடைக்காரர் இதனை டிஸ்டோர்ஷன் பெடல் என்பர். நாம் ஒலித்திரிபுப் பெட்டி என்போம். ஒலியலையின் தலையை ஒரே மட்டமாக வெட்டுவதுதான் அதன் தொழில்.

வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டியின் விலை, தோட்டத்துக் குடும்பமொன்றின் பல நாட் கூலியை விழுங்கக்கூடியது. 2021ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1000 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. அதுவும் நெடுங்காலப் போராட்டத்தின் பின்னரே. இந்நிலையில் ஒரு மகனோ மகளோ, "அம்மா, எனக்கு அந்தப் பெட்டி வேண்டும்" என்று கேட்டால் தாய் என்ன செய்வாள்? ஆனால் அப்பெட்டியின் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தால், வானொலி திருத்துபவரின் மேசையில் சிதறிக் கிடக்கும் பத்துப் பன்னிரண்டு சிறு பொருள்களேயன்றி வேறில்லை. அதனை வீட்டிலேயே செய்வது எவ்வாறு என்பதும், அது என்ன செய்கிறது என்பதும் இப்பேச்சின் பொருள். பின்னதை அறியாமல் முன்னதைச் செய்வதில் பயன் குறைவு என்பது என் கருத்து; ஆதலின் அதனையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

கிற்றாரின் தந்தியொன்றை மீட்டும்போது, அதன் அருகிலுள்ள காந்தச் சுருளில் ஒரு நுண்ணிய மின்னலை எழுகிறது. மலையும் பள்ளத்தாக்குமாக ஏறியிறங்கும் அலை அது. அதன் உயரம் ஒரு வோல்றின் பத்திலொரு பங்கு, சிலவேளை அதற்குச் சற்று மேல். இவ்வலையை முதலில் பல மடங்கு பெருக்கி, பின்னர் ஒரு குறித்த மட்டத்துக்கு மேலுள்ள மலைமுடிகளையும், அதற்கு ஈடான ஆழத்துக்குக் கீழுள்ள பள்ளங்களையும் வெட்டிவிட்டால், உருண்ட குன்றுகள் போன்றிருந்த அலை மேசை போன்று தட்டையாகிவிடும். அவ்வாறு தட்டையானவுடன் புதிய ஒலிகள் பிறக்கின்றன. செக்கனுக்கு 110 முறை அதிரும் தந்தியை எடுத்துக்கொள்வோம். மேலும் கீழும் ஒரே அளவில் வெட்டினால், 330, 550, 770 என்று, அடிப்படை அதிர்வின் ஒற்றைப்படை மடங்குகள் வலுப்பெற்றெழும். மேற்புறத்தை அதிகமாகவும் கீழ்ப்புறத்தைக் குறைவாகவும் வெட்டினால், 220, 440 என்ற இரட்டைப்படை மடங்குகளும் உடன் தோன்றும். கவ்வாத்து வெட்டிய செடியில் துளிர் கிளைப்பதுபோலத்தான் இது.

இன்னொன்றும் நிகழ்கிறது. மீட்டிய தந்தியின் ஒலி சிறிது சிறிதாகத் தேய்ந்து மறைவது இயல்பு. ஆனால் அலையின் முடி எப்போதும் ஒரே மட்டத்தில் வெட்டப்படுவதால், தந்தி தளர்ந்துகொண்டிருக்கும்போதும் வெளிவரும் ஒலி தளராமல் நிற்கிறது. கிற்றார் வயலினைப் போல நீண்டு பாடுவதாகத் தோன்றுவது இதனாலேயே.

இது மேலை நாட்டாரின் ஆரவாரம், நம் இசைக்கு ஒவ்வாதது என்று கருதும் பெரியவர்கள் உளர். அவர்கள் தம்புராவை ஒருகணம் நினைத்துப் பார்த்தல் வேண்டும். தம்புராவின் குதிரைமீது, ஒவ்வொரு தந்திக்கும் அடியில் ஒரு சிறு நூலிழை வைக்கப்படுகிறது. ஜீவாளி என்பது அதன் பெயர். அந்நூலை அப்படியும் இப்படியும் நகர்த்தி ஓரிடத்தில் நிறுத்தினால், தந்தி அதிரும்போதெல்லாம் குதிரையின் வளைந்த பரப்பைத் தொட்டும் தொடாமலும் உரசிச் செல்கிறது. அப்போது எழும் ரீங்காரந்தான் தம்புராவுக்கு உயிர். நூலை எடுத்துவிட்டால் வெறும் தந்தியின் மொட்டை ஒலியே எஞ்சும். பெயரிலேயே ஜீவன் இருப்பது பொருத்தமன்றோ?

இதனை ஆராய்ந்தவர் சேர். சி. வி. இராமன். ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசையாப் புள்ளியைக் கொண்ட மேற்சுரங்கள் ஒலிக்கமாட்டா என்பது ஐரோப்பிய அறிஞர் கண்ட விதி. தம்புராவும் வீணையும் இவ்விதிக்குக் கட்டுப்படவில்லை என்றும், ஒலிக்கக்கூடாத மேற்சுரங்கள் அவற்றில் தெளிவாக ஒலிக்கின்றன என்றும், வளைந்த குதிரையே அதற்குக் காரணம் என்றும் 1921ஆம் ஆண்டில் அவர் எழுதினார். தந்தியின் இயல்பான அசைவுக்கு ஒரு தடையை வைத்து, அத்தடையாலேயே புதிய சுரங்களைப் பிறப்பிக்கும் கலை நம்மவர்க்குப் பழக்கமானது என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டா.

தோட்டத்துக்குள்ளேயே தேடினாலும் சான்று கிடைக்கும். காமன் கூத்துக் காலத்தில் தப்பின் அதிர்வோடு உறுமியின் முனகலைக் கேட்டிருப்பீர்கள். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் அவ்வொலி பிறக்கும் வழி வேறு. அங்கே வெட்டு இல்லை, உராய்வே உண்டு. எனினும் செவி விரும்புவது ஒன்றே. வழுவழுப்பான ஒலி மட்டும் போதாது, சற்றுச் சொரசொரப்பும் வேண்டும் என்று மனிதச் செவி எங்கும் கேட்கிறது.

மேலை நாட்டினர் இதனைத் தற்செயலாகவே கண்டனர். பழுதுபட்ட கருவிகளே அவர்களுக்கு ஆசிரியர்களாயின. 1958ஆம் ஆண்டில் லிங்க் ரே என்ற அமெரிக்கக் கிற்றார் கலைஞர், தம் ஒலிபெருக்கியின் கடதாசிக் கூம்பிலே துளைகளிட்டுக் கரகரப்பை வருவித்தார். 1964இல் இலண்டனிலே கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் என்னும் இளைஞர் சவர அலகினால் கூம்பைக் கிழித்தார். இவ்விரண்டுக்கும் இடையில் நிகழ்ந்ததே நம் பெட்டியின் பிறப்பு. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் என்பவரின் பாடலொன்றை ஒலிப்பதிவு செய்தபோது, கிரேடி மார்ட்டின் வாசித்த கிற்றாரின் ஒலி சென்ற வழியிலிருந்த பெருக்கி பழுதுற்றது; ஒலி கரடுமுரடாகப் பதிவாயிற்று. அழித்துவிட்டு மீண்டும் பதிவதே வழக்கம். அவர்கள் அழிக்கவில்லை. 1961இல் அப்பாடல் வெளிவந்து பெரும் புகழ் பெற்றது. அதே கரகரப்பு வேண்டுமென்று பிறரும் கேட்கத் தொடங்கவே, ஒலிப்பதிவுப் பொறியியலாளர் கிளென் ஸ்னாடி, அப்பழுதினை வேண்டும்போது உண்டாக்கும் ஒரு சுற்றினைத் திரான்சிஸ்டர்களைக் கொண்டு வகுத்தார். கிப்சன் நிறுவனம் 1962இல் மேஸ்ட்ரோ என்னும் பெயரில் அதனை விற்பனைக்கு விட்டது. மூன்று ஜெர்மானியம் திரான்சிஸ்டர்கள், மூன்று வோல்ற் மின்கலம், அவ்வளவே. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் தம் பாடலொன்றில் அதனைப் பயன்படுத்திய பின்னரே உலகம் அதனைத் தேடி ஓடியது.

இலங்கையில் கிற்றார் பைலாவோடு கலந்து வளர்ந்தது. 1970களில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் தமிழ்ப் பொப்பிசைப் பாடல்கள் வானொலி வழியாக மலைநாட்டின் லயங்கள்வரை எட்டின. அக்காலத்தில் கிற்றார் தூய ஒலியோடு தாளம் தட்டியது. அப்பாடல்களுக்கு அதுவே அழகு. வானொலி என்றதும் இங்கே சொல்ல வேண்டியதொன்றுண்டு. அந்நாளில் காம்பராவின் சுவரோரம் மாட்டியிருந்த திரான்சிஸ்டர் வானொலிப் பெட்டிகள் இன்று பல வீடுகளில் பரண்மேல் உறங்குகின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றின் வயிற்றில், அரிசியைவிடச் சற்றுப் பெரிதான ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். அது ஜெர்மானியம் டையோட். பாடநூல்கள் இருவாயி என்கின்றன. வானில் வரும் அலையிலிருந்து மனிதக் குரலைப் பிரித்தெடுத்துக் கொடுத்தது அதுவே. செய்தியும் நாடகமும் பாட்டும் அதன் வழியாகத்தான் நம் வீட்டுக்குள் வந்தன. அதே டையோட்டைக் கழற்றிக் கிற்றாரின் அலைக்குக் கத்தரிக்கோலாக வைக்கலாம். பழைய பெட்டியை இரும்புக் கடைக்குக் கிலோக் கணக்கில் போடுமுன் இதனை எண்ணிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

டையோட் எவ்வாறு கத்தரிக்கோலாகிறது? மின்னை ஒரே திசையில் மட்டும் செல்லவிடுவது அதன் குணம். அத்திசையிலும் உடனே விடாது. ஒரு குறித்த அழுத்தம் எட்டும்வரை வாயிலை மூடியே வைத்திருக்கும். ஜெர்மானியமாயின் ஏறத்தாழ 0.3 வோல்றில் வாயில் திறக்கும், சிலிக்கனாயின் 0.6 வோல்ற், சிவந்த ஒளி காட்டும் சிறு விளக்கு டையோட்டாயின் 1.7 வோல்ற் அளவு. வாயில் திறந்ததும் அந்த மட்டத்துக்கு மேலுள்ள அலை தரைக்கம்பிக்குள் வழிந்தோடிவிடுகிறது. அணைக்கட்டின் மேலால் வழியும் நீரை ஒப்பு நோக்குக. ஒன்றை மேல்நோக்கியும் மற்றொன்றைக் கீழ்நோக்கியுமாக இரண்டு டையோட்டுகளை எதிரெதிராக வைத்தால் அலையின் இருபுறமும் வெட்டுண்ணும். ஒன்று ஜெர்மானியமும் மற்றொன்று சிலிக்கனுமாக வைத்தால் ஒருபுறம் ஆழமாகவும் மறுபுறம் மேலாகவும் வெட்டுண்டு, முன்னர்ச் சொன்ன இரட்டைப்படைச் சுரங்களும் சேர்ந்து வரும். எனக்கு இந்த இரண்டாவது வகையே இனிமையாகப் படுகிறது. அது அவரவர் செவியைப் பொறுத்தது.

இனிச் செய்முறைக்கு வருவோம். வேண்டிய பொருள்கள் பதுளையில் வானொலி, தொலைக்காட்சி திருத்துவோரிடம் பெரும்பாலும் கிடைக்கும். கிடைக்காதவை கொழும்புப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும். 1924ஆம் ஆண்டு முதல் பதுளைக்கு வந்துகொண்டிருக்கும் இரயில் அவற்றையும் கொண்டுவரும். இதயமாக விளங்குவது பீ.சி. 547 என்னும் திரான்சிஸ்டர் ஒன்று. அதற்கு மூன்று கால்கள். தட்டையான முகம் நம்மை நோக்கவும் கால்கள் கீழ்நோக்கவும் பிடித்தால், இடமிருந்து வலமாகச் சேகரிப்பான், அடி, காலி என்று அமையும். அதற்குப் பதிலாகக் கடைக்காரர் 2 என் 3904 என்ற இலக்கத்தைத் தரக்கூடும். அதுவும் நன்றே, ஆனால் அதன் கால்கள் இதற்கு நேர் எதிர் வரிசையில் உள்ளன. முதன்முதலாகச் செய்வோரின் பெட்டிகள் ஊமையாகப் போவதற்கு இது ஒரு பெருங்காரணம்.

ஒன்பது வோல்ற் பற்றரியின் நேர்முனையிலிருந்து 4.7 கிலோ ஓம் தடையியொன்று சேகரிப்பானுக்குச் செல்லட்டும். காலியிலிருந்து 680 ஓம் தடையியொன்று தரைக்கம்பிக்குச் செல்லட்டும். பற்றரியின் எதிர்முனை சேரும் கம்பியையே தரைக்கம்பி என்கிறோம். சேகரிப்பானுக்கும் அடிக்கும் இடையில் 2.2 மெகா ஓம் தடையியொன்றை வைத்தால், திரான்சிஸ்டர் தன்னைத்தானே நடுநிலையில் நிறுத்திக்கொள்ளும். கிற்றாரின் அலை, 0.1 மைக்ரோ பரட் கொள்ளளவியொன்றின் வழியாக அடிக்கு வரவேண்டும். கொள்ளளவி என்பது கடையில் கெப்பாசிட்டர் எனப்படும். அது அலையை விடும், நேர்மின்னைத் தடுக்கும். கீழ்த்தந்தியின் கனம் குறைவதாகத் தோன்றினால் 0.1க்குப் பதிலாக 1 மைக்ரோ பரட் இடலாம்.

இவ்வாறு அமைத்தால் அலை ஏறத்தாழ ஆறேழு மடங்கு பெருகும். சற்றே கரகரப்புத் தோன்றும். அது போதாது என்பார் பலர். அவர்கள் 680 ஓம் தடையிக்கு இணையாக, 47 மைக்ரோ பரட் கொள்ளளவியொன்றையும் 1 கிலோ ஓம் மாறுந்தடையொன்றையும் தொடராகச் சேர்க்கலாம். கொள்ளளவியின் எதிர்முனை தரைக்கம்பியைப் பார்க்க வேண்டும். இம்மாறுந்தடையே பெட்டியின் முதற் குமிழ். ஒரு கோடியில் பெருக்கம் பத்து மடங்கு. மறு கோடியில் கணக்கின்படி நூறு மடங்குக்கும் மேல். கவ்வாத்துக் கத்தி எவ்வளவு ஆழமாக இறங்க வேண்டும் என்பதை இக்குமிழ் தீர்மானிக்கிறது.

சேகரிப்பானிலிருந்து இன்னொரு 0.1 மைக்ரோ பரட் கொள்ளளவி வழியாக அலை வெளிவருகிறது. இதனைத் தவிர்த்துவிட்டு டையோட்டுகளை நேரே சேகரிப்பானில் பற்றவைத்தால், பற்றரியின் நேர்மின்னே டையோட் வழியாக ஓடித் திரான்சிஸ்டரின் வேலையைக் கெடுத்துவிடும். கொள்ளளவியின் மறுபுறத்திலேயே இரண்டு டையோட்டுகளையும் எதிரெதிராகத் தரைக்கம்பிக்குப் பற்றவைக்க வேண்டும். அவ்விடத்திலேயே 0.01 மைக்ரோ பரட் கொள்ளளவியொன்றையும் தரைக்கம்பிக்கு வைப்பது நன்று. அதன் காரணம் இது: கிற்றாருக்கென அமைந்த ஒலிபெருக்கிகள் மிகக் கூரிய ஒலிகளை இயல்பாகவே விழுங்கிவிடும். நம் வீடுகளிலோ பாட்டுக் கேட்கும் பெட்டியே உண்டு. அது யாவற்றையும் ஒளிவுமறைவின்றிக் கக்கும். அதில் வெட்டுண்ட ஒலி குளவிக் கூட்டம் கலைந்ததுபோல இருக்கும். கொழுந்து மலையில் குளவியை அறிந்தோர் அவ்வொலியை இசையென்று ஏற்கமாட்டார். அச்சிறு கொள்ளளவி கூர்மையை மழுக்கி வைக்கும். இறுதியாக 100 கிலோ ஓம் மாறுந்தடையொன்று. அதன் ஒரு கோடிக் கால் டையோட்டுகள் சேருமிடத்துக்கு, மறு கோடிக் கால் தரைக்கம்பிக்கு, நடுக்கால் வெளியே. இது ஒலியளவுக் குமிழ்.

பற்றரியை இணைத்ததும் அளவுமானி ஒன்றினால் சேகரிப்பானின் அழுத்தத்தைப் பார்த்தல் வேண்டும். 4.5 வோல்றுக்கும் 6.5 வோல்றுக்கும் இடையில் இருந்தால் யாவும் செவ்வனே உள்ளன. ஒன்பது வோல்றும் அப்படியே காட்டினால் திரான்சிஸ்டருக்குள் மின் ஓடவில்லை; கால்களின் வரிசையை மீண்டும் பாருங்கள். வானொலி திருத்தும் தொழிலை ஒருவரிடம் கற்றவர்கள் இந்தச் சோதனையைச் சொல்லாமலே செய்வார்கள். அத்தகைய கைகள் நம் நகரங்களில் அருகி வருகின்றன. பழுதானதை எறிந்துவிட்டுப் புதியதை வாங்கும் வழக்கம் வந்தபின், பழுது எங்கே என்று தேடும் பொறுமைக்கு மதிப்புக் குறைந்துவிட்டது. பதுளைக் கடைத்தெருவில் இன்னும் மேசைமுன் அமர்ந்திருக்கும் ஒரு முதியவரிடம் ஓர் இளைஞன் இப்பெட்டியைக் கொண்டுபோய், "ஐயா, இது ஏன் பேசவில்லை?" என்று கேட்பானாயின், அவனுக்குக் கிடைப்பது பெட்டி திருத்தும் உதவி மட்டுமன்று.

சுற்றினை மரப்பெட்டியிலோ பிளாஸ்டிக் டப்பாவிலோ வைப்பது தகாது. தகரப் பெட்டியே வேண்டும். பிஸ்கட் டின்னும் உதவும். தகரத்தைத் தரைக்கம்பியோடு இணைத்துவிட்டால், வீட்டு மின்கம்பிகளின் இரைச்சல் உள்ளே புகாது. தகரம் இல்லாத பெட்டியில் வேடிக்கையொன்று நிகழ்வதுண்டு. கிற்றாரின் நீண்ட கம்பி வானொலிக் கம்பமாகி, திரான்சிஸ்டரும் டையோட்டும் தம் பழைய தொழிலை நினைத்துக்கொண்டு, யாரும் கேளாமலே செய்தி வாசிக்கத் தொடங்கிவிடும். வானொலிக்காரன் என்ற முறையில் இதனை நான் குறையாகச் சொல்லவில்லை. பாட்டின் நடுவே வருவதுதான் பொருந்தாது.

காலால் மிதிக்கும் பொத்தான் ஆறு கால்கள் கொண்டதாக இருக்கட்டும். நடுக்கால்கள் இரண்டும் முறையே கிற்றார் வரும் துளைக்கும் ஒலிபெருக்கிக்குச் செல்லும் துளைக்கும் உரியன. ஒருபுறக் கால்கள் இரண்டையும் தம்முள் இணைத்துவிடுக. மறுபுறக் கால்களில் ஒன்றைச் சுற்றின் வாயிலுக்கும் மற்றொன்றை ஒலியளவுக் குமிழின் நடுக்காலுக்கும் கொடுக்க. ஒரு மிதியில் தூய கிற்றார். மறு மிதியில் உறுமும் கிற்றார். பெட்டிக் கிற்றாரின் உடம்பில் ஒட்டும் பீசோ வில்லையோடு இச்சுற்று நன்கு சேராது, ஒலி மெலிந்துவிடும். காந்தச் சுருள் பொருத்திய கிற்றாரே ஏற்றது.

அபாயங்களைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். இப்பெட்டிக்குப் பற்றரி ஒன்றே போதும். ஒரு மில்லி அம்பியருக்கும் குறைந்த மின்னையே இது அருந்துவதால், ஒரு பற்றரி நூற்றுக்கணக்கான மணி நேரம் உழைக்கும். இதற்காகச் சுவரிலுள்ள 230 வோல்ற் மின்னை எவரும் தீண்ட வேண்டுவதில்லை. மலிவான மின்மாற்றிகளை வாங்கி இணைப்போர் உளர். அது வீண் துணிவு. கிற்றாரின் தந்திகள் தரைக்கம்பியோடு இணைந்தவை என்பதையும், தரைக்கம்பி ஒலிபெருக்கியின் உடம்போடு இணைந்தது என்பதையும் நினைவிற் கொள்க. ஒலிபெருக்கியில் மின்கசிவு இருந்தால் அது வாசிப்பவரின் விரல்களுக்கே வரும். பழைய லயங்களில் மின்கம்பிகள் பல வீடுகளுக்கு ஒன்றாக இழுக்கப்பட்டு, நிலத்தொடுப்பு இன்றி இருப்பதுண்டு. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று வாசிப்பது கூடாது. திருவிழா மேடையில், ஒரு கை கிற்றார்த் தந்தியிலும் உதடு ஒலிவாங்கியிலும் படும்போது நேர்ந்த மரணங்கள் உலகில் பல.

இடியையும் மறக்கலாகாது. சித்திரையிலும், ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகல் வேளைகளில் இம்மலைகளின்மீது இடிமுழக்கம் திரள்வதை நீங்கள் அறிவீர்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பேர்பெற்றவரும், பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவருமான மேஜர் ரோஜர்ஸ், 1845ஆம் ஆண்டில் அப்புத்தளையில் மின்னல் தாக்கியே மாண்டார். அவர் நினைவாகப் பதுளையில் எழுப்பப்பட்ட சென் மார்க் தேவாலயம் இன்றும் நிற்கிறது. யானைக்கு அஞ்சாதவரும் தப்பவில்லை. வானம் இருண்டதும் ஒலிபெருக்கியின் இணைப்பைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள்.

ஈயம் பற்றவைக்கும்போது எழும் புகையை மூச்சில் ஏற்காதிருக்கச் சன்னலோரம் அமர்க. வேலை முடிந்ததும் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே உணவைத் தொடுக. சிறு பிள்ளைகள் ஈயத் துண்டுகளை வாயிலிடாமற் பார்த்துக்கொள்வது வீட்டிலுள்ளோர் கடமை. சூட்டுக்கோலை ஒரு காலில் மூன்று விநாடிக்கு மேல் வைத்தால் ஜெர்மானியம் டையோட் வெந்துபோகும். அதன் காலைக் குறட்டால் பற்றிக்கொண்டு வைத்தால் சூடு குறட்டுக்குப் போய்விடும்.

லயத்துக் காம்பராவில் வாசிப்போருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஒரு சுவருக்கு இருபுறமும் இரு குடும்பங்கள் வாழும் வீடு அது. வெட்டுண்ட ஒலி தேயாமல் நிற்பது என்று முன்னர்ச் சொன்னோம். மெல்லிய சுவரை அது எளிதில் கடக்கும். விடிவதற்கு முன்னெழுந்து பெரட்டுக் களத்துக்குப் போக வேண்டியவர்கள் அடுத்த அறையில் உறங்குகின்றனர். இங்கே பெட்டியின் இரண்டு குமிழ்களும் பயன்படுகின்றன. கவ்வாத்துக் குமிழை முழுதும் திருப்பி, ஒலியளவுக் குமிழை மிகக் குறைத்து வைத்தால், முணுமுணுப்பான அளவிலேயே முழுக் கரகரப்பையும் பெறலாம். பெரிய ஒலிபெருக்கியை உச்சத்துக்கு முடுக்கினாலன்றி இவ்வொலி வராதிருந்த காலம் உண்டு. அக்கட்டாயத்தை நீக்கியது இப்பெட்டியே.

பெட்டி பேசத் தொடங்கியதும் எல்லாரும் முதலில் செய்வது, ஆறு தந்திகளையும் ஒருங்கே அடித்துப் பார்ப்பதுதான். அப்போது எழும் குழப்பத்தைக் கேட்டுப் பெட்டி பழுது என்று முடிவுசெய்துவிட வேண்டா. இரண்டு சுரங்கள் ஒன்றாகச் சென்று வெட்டுண்ணும்போது, அவற்றின் கூட்டலும் கழித்தலுமாகப் புதிய சுரங்கள் பிறக்கின்றன. 110 அதிர்வுள்ள சட்ஜமும் 165 அதிர்வுள்ள பஞ்சமமும் சேர்ந்தால், கழித்தலில் 55 வருகிறது. அது கீழ் ஸ்தாயிச் சட்ஜமே. ஆதலின் ஒலி கனத்து, நிமிர்ந்து நிற்கிறது. 110ஓடு காந்தாரத்தைச் சேர்த்தால் 247.5 போன்ற பொருந்தாதனவும் புகுந்து கலகம் விளைக்கின்றன. மேலை நாட்டுக் கிற்றார்க்காரர்கள் இவ்வொலியில் சட்ஜ பஞ்சமத்தை மட்டும் பிடிப்பதன் காரணம் இதுவே. தம்புராவைப் பஞ்சமம், சட்ஜம் என்று மட்டும் சுருதி கூட்டிய நம் முன்னோரின் செவியும் ஏறக்குறைய இதே கணக்கைப் போட்டிருக்கிறது.

ஆகவே முதலில் இரண்டு தந்திகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கவ்வாத்துக் குமிழை அடியில் வைத்து மீட்டி, சிறிது சிறிதாக ஏற்றுங்கள். ஜெர்மானியத்தைக் கழற்றிச் சிலிக்கனை வைத்தும், ஒருபுறம் ஒன்று மறுபுறம் இரண்டு என்று டையோட்டுகளை அடுக்கியும் கேட்டுப் பாருங்கள். வாசித்து முடித்ததும் கிற்றாரின் கம்பியைப் பெட்டியிலிருந்து உருவிவிடுக. கிற்றார் வரும் துளையை மூன்று தொடுகை உள்ளதாக வாங்கி, பற்றரியின் எதிர்முனையை அதன் நடுத்தொடுகையில் பற்றவைத்திருந்தால், கம்பியை உருவியவுடன் பற்றரியும் தானே அணைந்துவிடும்.